வளர்த்தது குற்றமன்று

சென்ற மாரிக்காலத்தில் ஒருநாள் மாலை, முன்னாளில் என்னிடம் இலக்கணம் பயின்ற பெண்மணி ஒருவர் வந்திருந்தார். இன்று அவரும் ஓர் ஆசிரியை. அவருடைய பதின்மூன்று வயது மகனின் தொடையில் வீக்கம் தோன்ற, விளையாட்டிற் பட்ட அடியென்றே வீட்டார் எண்ணியிருந்தனர். மருத்துவரோ, 'யூயிங் சார்க்கோமா' என்னும் என்புப் புற்றுநோய் என்றனர். நோயின் பெயரைக் கலங்காது சொன்ன தாய், அடுத்த வினாவிற் கலங்கிவிட்டார்.

"ஐயா, பிள்ளை உயரமாக வளரவேண்டுமென்று பாலும் முட்டையும் ஊட்டினேன். உடம்பை வளர்க்கும் பொருளே இந்நோயையும் வளர்க்கின்றதென்று படித்தேன். இப்போது அவற்றை நிறுத்திவிட்டேன். வளர்த்தது என் குற்றமா?"

இலக்கணம் கற்றவனிடம் இதற்கு விடை ஏது? உயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு சில கிழமைகள் படித்து, அறிந்ததை அவருக்கு எழுதினேன். ஈண்டுக் கூறுவனவும் அவையே.

நம் உடற்கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உள. அவற்றை ஏட்டுச் சுவடிகளாகக் கொள்வோம். கலம் இரண்டாகப் பிரியுமுன் சுவடிகள் யாவும் படியெடுக்கப்படும். சிற்சில வேளை ஏடுகள் முறிவதுண்டு. முறிந்தவை பெரும்பாலும் உரிய இடத்திலேயே பொருந்திவிடும். அரிதாக, ஒரு சுவடியின் துண்டம் வேறொரு சுவடியோடு ஒட்டிக்கொள்ளும். இதனை நிறமூர்த்த இடப்பெயர்வு என்பர்.

யேம்ஸ் யூயிங் என்னும் அமெரிக்க நோயியல் அறிஞர் இந்நோயை 1921ஆம் ஆண்டில் விவரித்தார். அதன் வேர் அறுபது ஆண்டுகளாக மறைந்தே கிடந்தது. 1983இல், நோய்க்கலங்களில் 11ஆம் 22ஆம் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டங்களை மாற்றிக்கொண்டிருப்பதைப் பிரான்சிய ஆய்வாளர் கண்டனர். 1992இல், முறிவிடத்துப் பரம்பரையலகுகள் இரண்டும் இனங்காணப்பட்டன. இந்நோயுற்றோருள் ஏறத்தாழ 85 சதவீதத்தினரிடம் இவ்விணைப்பே காணப்படுகின்றது.

ஒன்றன் முற்பகுதியும் மற்றொன்றன் பிற்பகுதியும் கூடிப் புதியதொரு புரதம் பிறக்கின்றது. முற்பகுதி பிற பரம்பரையலகுகளை ஏவும் ஆற்றலுடையது. பிற்பகுதி எவற்றைத் தொடுவது என்று தேர்வது. வன்மை ஒன்றினது, இடம் மற்றொன்றினது. ஆகவே ஏவத்தகாத இடத்தில் ஓயாத ஏவல் பிறக்கின்றது. ஒரு தொடரின் பெயரை வேறொரு தொடரின் வினையோடு முடித்தால், இரண்டும் நல்ல சொற்களேயாயினும் பொருள் பிழைக்குமன்றோ?

இனி, தாயின் வினாவுக்கு வருவோம். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி வளர்ச்சி ஓமோனைச் சுரக்கின்றது. அதன் ஏவலால் ஈரல் முதலியன 'இன்சுலின்போன்ற வளர்ச்சிக் காரணி' என்னும் புரதத்தை ஆக்குகின்றன. கலத்தின் புறத்தேயுள்ள வாங்கியில் இக்காரணி பொருந்தியதும், 'வளர்க, பிரிக, மடியாதிருக்க' என்னும் செய்தி உள்ளே செல்லும். சிறுவரின் என்பு நீள்வதற்கு இது இன்றியமையாதது.

1997இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், எலியின் கலங்களுட் பிழைப் புரதத்தைப் புகுத்தினர். அவ்வாங்கியுள்ள கலங்கள் புற்றுக்கலங்களின் இயல்பை அடைந்தன, வாங்கியற்றவை அடையவில்லை. வளர்ச்சிக் காரணியைப் பற்றி அடக்கும் வேறொரு புரதத்தை இப்பிழைப் புரதம் குறைத்துவிடுகின்றதென்பதும் பின்னர்ப் புலனாயிற்று. எனவே வளர்ச்சிச் செய்தி நோயைத் தோற்றுவிப்பதில்லை. தோன்றிய நோயே அச்செய்தியைத் தனக்காகக் கவர்ந்துகொள்கின்றது. பயிருக்கு நீர் இறைத்தவன், களையும் அந்நீரைக் குடித்ததென்பதால் களையை விதைத்தவன் ஆவானோ?

அவ்வாங்கியை அடைத்துவிட்டால் நோய் நீங்காதோ எனின், அதையும் செய்துபார்த்தனர். வாங்கியை மறைக்கும் பிறபொருளெதிரியொன்றை, நோய் மீண்டும் தோன்றியவர்க்குக் கொடுத்தபோது ஏறத்தாழப் பதின்மரில் ஒருவருக்கே கட்டி சுருங்கியது. 2014இல் வட அமெரிக்காவில் தொடங்கிய பெருஞ்சோதனையில், நோய் பரவியவர்க்கு அத்தகைய மருந்தொன்றை வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தும் பயன் கூடவில்லை. செய்தியை மட்டும் தடுத்தாற் போதாது. ஏவும் புரதம் உள்ளேயே இருக்கின்றது.

பச்சிளங் குழந்தைகளைப் பற்றும் மற்றொரு சார்க்கோமாவின் கதை வேறு. அதில் 12ஆம் 15ஆம் நிறமூர்த்தங்கள் இடம் மாறுகின்றன என்பது 1998இல் அறியப்பட்டது. அங்கே வளர்ச்சி வாங்கியொன்றன் உட்பகுதியே இணைப்பில் அகப்பட்டு, காரணி வாராதிருக்கவும் ஓயாது செய்தி விடுக்கின்றது. அதனை அடக்கும் லாரோட்ரெக்டினிப் என்னும் மருந்தாற் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கட்டி சுருங்கவே, 2018இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பிழை எங்குளது என்பதைப் பொறுத்தே திருத்தமும் அமைகின்றது.

யூயிங் நோய்க்குப் பல மருந்துகளும் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையுமே இன்றும் துணை. நல்ல மருத்துவ வசதி வாய்த்த நாடுகளில், பரவுமுன் கண்டறியப்பட்டோருள் பதின்மரில் ஏழுபேரளவில் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். ஆதலின் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு பிள்ளையின் கையிலோ காலிலோ நீங்காத நோவும் வீக்கமும் இருப்பின், வளரும் வயதின் நோவென்று தள்ளிவிடாது மருத்துவரிடம் அனுப்புங்கள். பெற்றோர் செய்த வினையென்று பேசுவோரையும் தடுங்கள். இவ்விடப்பெயர்வு பெற்றோர்வழி வருவதன்று. பிள்ளையின் உடலில் ஏதோ ஒரு கலத்தில் நேர்ந்த தவறு. உணவோ வளர்ப்போ அதற்குக் காரணமென ஆராய்ச்சி கண்டதுமில்லை. ஏடெழுதுவோன் கை தவறினால் நூலாசிரியனை யாரும் பழிப்பதில்லை.

சிகிச்சை பெறும் பிள்ளைக்கு நல்லுணவு மிக வேண்டியதென்றும், மருத்துவரைக் கேட்டு நடக்குமாறும் அக்கடிதத்தின் இறுதியில் எழுதியிருந்தேன். சென்ற கிழமை ஓர் அஞ்சலட்டை வந்தது. சிகிச்சை தொடர்கின்றதாம், இன்னும் பல திங்கள் செல்லுமாம். கீழே ஒரு வரி: "ஐயா, பாலும் முட்டையும் மறுபடியும் கொடுக்கின்றேன்."