ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு, பன்னாட்டு மாணவர்கள்

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பயில்வோர் உள்நாட்டு மாணவர், பன்னாட்டு மாணவர் என இரு பிரிவாகக் கொள்ளப்படுகின்றனர். ஆஸ்திரேலியக் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நியூசிலாந்துக் குடிமக்கள் முதலியோர் உள்நாட்டு மாணவர்கள் ஆவர். மாணவர் விசாவில் வந்து பயில்வோர் பன்னாட்டு மாணவர்கள். இரு பிரிவினரும் ஒரே விரிவுரையைக் கேட்டு ஒரே தேர்வை எழுதினாலும் அவர்களின் பல்கலைக்கழக வாழ்க்கை ஒன்றுபோல் இருப்பதில்லை.

வரலாறு

1951இல் செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆசிய நாட்டு மாணவர் பலர் உதவித்தொகை பெற்று ஆஸ்திரேலியாவில் பயின்றனர். 1980களின் நடுப்பகுதியில் முழுக்கட்டணம் செலுத்தும் அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் பன்னாட்டு மாணவர் கட்டணம் பல்கலைக்கழகங்களின் முக்கிய வருவாயாக வளர்ந்தது.

கட்டணமும் விசாவும்

இளநிலைப் படிப்பில் சேரும் உள்நாட்டு மாணவர் பெரும்பாலோரின் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. எஞ்சியதைக் கடனாகப் பெறும் முறை 1989இல் வந்தது. வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பின்னரே வரியுடன் அக்கடன் திரும்பப் பெறப்படுகிறது. பன்னாட்டு மாணவர் முழுக்கட்டணத்தையும் தவணைதோறும் முன்பணமாகச் செலுத்த வேண்டும்; மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். படிப்புக் காலத்தில் அவர்கள் இரு வாரங்களுக்கு 48 மணிநேரம் மட்டுமே வேலை செய்யலாம் என்ற வரம்பு 2023 சூலை முதல் நடைமுறையில் உள்ளது.

இதனால் ஒரு பாடத்தில் தோல்வி அடைவதன் பொருள் இருவருக்கும் வேறாகிறது. உள்நாட்டு மாணவருக்கு அது கூடுதல் கடன். பன்னாட்டு மாணவருக்கோ அது மீண்டும் கையிலிருந்து கட்டும் பணம். படிப்பு நீண்டால் விசாவையும் நீட்டிக்க நேரலாம். தொடர்ந்து முன்னேற்றம் குறைந்தால் பல்கலைக்கழகம் அரசுக்கு அறிவிக்க வேண்டும்.

உறைவிடமும் நட்பும்

உள்நாட்டு மாணவர் பலர் பெற்றோருடன் தங்கி, சொந்த நகரிலேயே பயில்கின்றனர். பள்ளி நண்பர்கள் அருகிலேயே இருப்பதால் வகுப்பு முடிந்ததும் வளாகத்தில் தங்க அவர்களுக்குத் தேவை குறைவு. பன்னாட்டு மாணவர் வாடகையைப் பகிர்ந்து, பெரும்பாலும் தம் மொழி பேசுவோருடன் வாழ்கின்றனர். ஒருவர் மற்றவரை ஒதுங்கி நிற்பவராகக் கருத இதுவே காரணமாகலாம். குழுப்பணிகளும் மாணவர் மன்றங்களுமே இருவரும் நெருங்கிப் பழகும் வாய்ப்பைத் தருகின்றன.

கோவிட்-19 காலம்

2020 மார்ச் 20 அன்று எல்லை மூடப்பட்டபோது இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. வெளியே சிக்கிய மாணவர்கள் தாய்நாட்டிலிருந்து இணையவழியில் பயின்றனர். நாட்டினுள் இருந்தவர்களில் வேலை இழந்தோருக்கு அரசின் ஊதிய உதவித் திட்டம் பொருந்தவில்லை; பலர் பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் வழங்கிய உணவையும் நிதியையும் நம்பியிருந்தனர். 2021 திசம்பர் 15 அன்றே மாணவர் விசாவினருக்கு எல்லை மீண்டும் திறக்கப்பட்டது.