பந்தைப் பார்க்காதீர்கள், முன்வரிசையைப் பாருங்கள்: சூப்பர் போல் இறுதியாட்டம் சொல்லும் பாடம்

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை காலை 7.30 மணி. மறுநாள் தைப்பூசம் என்பதால் நம் வீடுகளில் பரபரப்பாக இருந்த அந்த நேரத்தில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சூப்பர் போல் இறுதியாட்டம் தொடங்கியது. அமெரிக்கக் காற்பந்தின் ஆகப் பெரிய ஆட்டம் அது.

கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கிண்ணத்தை வென்றிருந்தது. மூன்றாவது முறையும் வென்றால், தொடர்ந்து மூன்று சூப்பர் போல் வென்ற முதல் குழு என்ற பெயர் கிடைக்கும். ஆனால் இடைவேளையின்போது ஃபிலடெல்பியா ஈகல்ஸ் 24-0 என முன்னணியில் இருந்தது. இறுதியில் 40-22 என்ற கணக்கில் ஈகல்ஸ் வென்றது.

"ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள், விசில் ஊதுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை" என்று இந்த ஆட்டத்தைச் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. மூன்று மோதல்களைக் கவனித்தால் போதும், ஆட்டம் புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. ஒரு குழுவுக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம், அதாவது ஏறக்குறைய 9 மீட்டர், முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். தாக்குதலை நடத்துபவர் குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய உடல்காரர்கள் சுவர்போல் நிற்பார்கள்.

முதல் மோதல்: நால்வரும் ஐவரும்

எதிரணியினர் அந்தச் சுவரை உடைத்து, குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை வீழ்த்தப் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் சேக். வழக்கமாக நான்கு பேர் பாய்வார்கள். அது போதாது என்றால் ஐந்தாவது, ஆறாவது ஆளையும் அனுப்புவார்கள். அதை பிளிட்ஸ் என்கிறார்கள். நம் காற்பந்தில் தற்காப்பு ஆட்டக்காரர்கள் எல்லாரும் மேலேறினால் பின்னால் திடல் காலியாகக் கிடக்கும் அல்லவா? அதே ஆபத்து இதிலும் உண்டு.

ஈகல்ஸ் தற்காப்புப் பயிற்றுநர் விக் ஃபான்ஜியோ அன்று ஒரு முறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. நால்வரை மட்டுமே நம்பினார். சீஃப்ஸ் சுவரின் இடது ஓரத்தில் நின்ற ஜோ தூனி உண்மையில் உள்பக்கம் ஆடுபவர். அந்த இடத்துக்குச் சரியான ஆள் அமையாததால் அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அன்று சுவர் பல இடங்களில் உடைந்தது. சீஃப்ஸ் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆறு முறை வீழ்த்தப்பட்டார்.

இதே இரு குழுக்களும் 2023 இறுதியாட்டத்திலும் மோதின. அந்தப் பருவத்தில் 70 சேக் எடுத்திருந்த ஈகல்ஸ், இறுதியாட்டத்தில் ஒன்றுகூட எடுக்க முடியாமல் 35-38 எனத் தோற்றது. அன்று பூஜ்யம், இரண்டு ஆண்டு கழித்து ஆறு. முடிவு மாறியதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டாம் மோதல்: எழுவரும் ஐவரும்

நால்வர் பாய்ந்தால், மீதி ஏழு பேர் பின்னால் இருப்பார்கள். பந்தைப் பிடிக்க ஓடக்கூடியவர்களோ அதிகபட்சம் ஐந்து பேர்தான். மஹோம்ஸ் தலை நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் யாருமே தனியாக இல்லை. அவர் மிகவும் நம்பியிருந்த ட்ராவிஸ் கெல்சி மொத்தம் நான்கு பந்துகளைத்தான் பிடித்தார். முதல் பாதி முழுவதும் சீஃப்ஸ் முன்னேறியது வெறும் 23 கஜம். அந்தப் பாதியிலேயே மஹோம்ஸ் எறிந்த ஒரு பந்தை இடைமறித்த ஈகல்ஸின் கூப்பர் டிஜீன், 38 கஜம் ஓடிப் புள்ளி சேர்த்தார். அன்று அவருக்கு 22-வது பிறந்த நாள்.

மூன்றாம் மோதல்: பார்க்லியா, ஹர்ட்ஸா?

ஈகல்ஸின் ஓட்டக்காரர் சாக்வான் பார்க்லி அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் 2,005 கஜம் ஓடியவர். அவரை அடக்குவதில் சீஃப்ஸ் குறியாக இருந்தது, அடக்கியும் விட்டது. 25 முறை பந்தை எடுத்து ஓடியும் அவருக்குக் கிடைத்தது 57 கஜம்தான்.

ஆனால் ஒருவரை அடைக்க ஆள் சேர்த்தால், இன்னொரு பக்கம் கதவு திறக்கும். ஈகல்ஸ் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 22 முறை எறிந்ததில் 17 பந்துகள் தம் ஆள்களிடம் போய்ச் சேர்ந்தன. தாமே 72 கஜம் ஓடினார். சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

அவருக்கு இடப்பக்கம் காவல் நின்றவர் ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடி வளர்ந்தவர். 2018-இல் ஈகல்ஸ் தேர்ந்தெடுக்கும் வரை ஓர் அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தில்கூட ஆடியதில்லை. அவர் பந்தைத் தொடுவது அரிது. ஆனால் அவரைப் போன்றவர்கள் விட்டுக்கொடுக்காததால்தான் ஹர்ட்ஸுக்கு எறிய நேரம் கிடைத்தது.

அடுத்த முறை தொலைக்காட்சியில் இந்த ஆட்டம் ஓடினால் ஒன்று செய்து பாருங்கள். ஒவ்வொரு முயற்சியிலும் முதல் மூன்று விநாடி பந்தை மறந்துவிட்டு, நடுவில் மோதிக்கொள்ளும் முன்வரிசையை மட்டும் பாருங்கள். எந்தப் பக்கம் பின்வாங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் தோற்கும். புள்ளிப் பலகை அதைக் காட்டுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.