தாயின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு

நீரிழிவு என்றதும் நம்மவர் நினைவில் எழுவது வயது முதிர்ந்த ஒருவரின் தோற்றமே. தேநீரிற் சீனி வேண்டாமென்று கைகாட்டும் பாட்டனாரையும், மாதந்தோறும் ஆஸ்பத்திரி வரிசையிற் காத்திருக்கும் பெரியம்மாவையும் நாம் அறிவோம். ஆனால், பாற்பற்கள் விழுமுன்னரே இந்நோய்க்கு ஆளாகும் பிள்ளைகளும் உலகில் உளர். அத்தகைய பிள்ளையொன்றைத் தாய் ஒருத்தி ஒரு வாரகாலம் தன் கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு அனுப்பிவைக்கத் துணிவாளா? அமெரிக்க நாட்டிற் கோடை பிறக்குந்தோறும் எத்தனையோ இல்லங்களில் எழும் வினா இது.

அந்நாட்டுப் பாடசாலைகளின் கோடை விடுமுறை மிக நீண்டது. ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ அமைந்த பாசறைகளுக்கு அவ்விடுமுறையிற் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தொடங்கியது. நீந்துதல், தோணி வலித்தல், இரவில் தீமூட்டிச் சூழ்ந்திருந்து பாடுதல் ஆகியன அங்கு பிள்ளைப்பருவத்தின் உரிமைகளாகவே கருதப்படுகின்றன. நோயுற்ற பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லையா என்பதே தாயின் உள்ளத்தை வருத்தும் கேள்வி.

அவளுடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. பிள்ளைகளிடம் பெரிதும் காணப்படும் முதலாம் வகை நீரிழிவு, இனிப்பை மிகுதியாக உண்டதனால் வந்ததன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே நெறி பிறழ்ந்து, சதையி எனப்படும் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகின்றது. எனவே நாள்தோறும் இன்சுலினை வெளியிலிருந்து செலுத்துதல் வேண்டும். அதன் அளவோ உண்ணும் உணவுக்கும் ஓடியாடும் ஓட்டத்துக்கும் இயைய மாறவேண்டும். குறைந்தால் அமிலப் பொருள்கள் குருதியிற் சேர்ந்து உயிருக்கே கேடு விளையும். மிகுந்தால் குருதியிற் குளுக்கோசு தாழ்ந்து, நடுக்கமும் வியர்வையும் தோன்றி, அறிவு மயங்கி வலிப்பும் வரலாம். உறக்கத்தில் இது நேருமாயின் பிள்ளை எழுந்து சொல்லவும் மாட்டாது. நள்ளிரவில் எழுந்து, உறங்கும் மகனின் விரல்நுனியில் ஒரு துளி குருதி எடுத்துப் பார்க்கும் தாயைப் பேதையென்று எவரும் இகழ இயலாது.

ஆயினும் இந்த அச்சம் உயிரோடிருக்கும் பிள்ளையைப் பற்றியது. அதற்கும் முன்னொரு காலம் இருந்தது. இன்சுலின் கிடைக்காத நாளில் வைத்தியர் கையிலிருந்த ஒரே வழி, உணவைக் குறைத்துக் குறைத்துப் பிள்ளையின் ஆயுளைச் சில மாதங்களோ ஆண்டுகளோ நீட்டுவதுதான். அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக விளங்கிய சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், 11ஆவது வயதில் இந்நோய்க்கு ஆளாகி, மூன்றாண்டுகள் இப்பட்டினி நோன்பினாலேயே உயிர் தரித்திருந்தாள்.

1921இற் கனடாவின் ரொறன்ரோ நகரிற் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் தொடங்கிய ஆராய்ச்சி, பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்திற் பயன் தந்தது. 1922 ஜனவரி 11ஆந் திகதி லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது; எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. கொலிப் என்பார் மருந்தைத் தூய்மைப்படுத்தித் தர, அம்மாதம் 23ஆந் திகதி மீண்டும் ஏற்றினர், சிறுவன் தேறினான். அவ்வாண்டு ஓகஸ்டில் எலிசபெத் ரொறன்ரோவை அடைந்தபோது அவளது நிறை 45 இறாத்தல் மட்டுமே. தாதி ஒருத்தியின் துணையுடன் அங்கு தங்கிச் சிகிச்சை பெற்ற அச்சிறுமி, தான் உண்ணத் தொடங்கிய உணவுகளைப் பற்றியெல்லாம் மகிழ்ந்து தாய்க்குக் கடிதங்கள் எழுதினாள். மணஞ்செய்து, மக்களைப் பெற்று, 1981 வரை அவள் வாழ்ந்தாள்.

உயிர் மீண்டது, ஆனால் அதனோடு ஊசியும் அளவுகோலும் வீட்டினுட் குடிபுகுந்தன. இத்தகைய பிள்ளைகளின் பொறுப்பை ஏற்கப் பிறர் தயங்கினர். அவர்களுக்கென்றே ஒரு பாசறையை டொக்டர் லெனாட் வென்ற் என்பவர் 1925இல் மிச்சிகன் மாநிலத்திலே தொடங்கினார். இன்சுலின் பயனுக்கு வந்து அப்போது மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பாட்டன் அம்மையார் பிறந்த மசச்சூசெற்ஸ் மாநிலத்து இல்லத்தில், 1932இற் சிறுமியருக்கான பாசறை ஒன்று எழுந்தது. போரிற் காயமுற்றோரைப் பேணிய ஒருவரின் பிறப்பிடம் சின்னஞ்சிறு நோயாளருக்குப் புகலிடமாயிற்று. இம்முயற்சிக்கு ஊக்கமளித்த பொஸ்ரன் நகர வைத்தியர் எலியற் ஜொஸ்லினின் பெயரால், சிறுவருக்கான பாசறை 1948இல் அமைந்தது. நோயாளிக்குத் தன் நோயைக் கற்பித்தல் சிகிச்சையின் ஓர் அங்கமன்று, அதுவே சிகிச்சை என்னும் கொள்கையுடையவர் ஜொஸ்லின்.

அக்காலப் பாசறையை விஞ்ஞான மாணவர் எளிதிற் கற்பனை செய்யலாம். வரிசையாகச் சோதனைக் குழாய்கள். அவற்றிற் பெனடிக்ற் கரைசலுடன் சிறுநீர்த் துளிகள். சூடாக்கியதும் நீலம் நீலமாகவே நின்றால் மகிழ்ச்சி. செங்கல் நிறமாயின் கவலை. கண்ணாடி ஊசிக்குழல்களைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்திய காலம் அது.

இன்று கருவிகள் மாறிவிட்டன, விழிப்பு மாறவில்லை. பாசறையில் விளையாட்டு மிகுதியாதலால், பல பிள்ளைகளுக்கு இன்சுலினின் அளவை 10 முதல் 20 வீதம்வரை குறைத்தே தொடங்குகின்றனர். உணவுக்கு முன்னும் உறங்குமுன்னும் குருதிச் சோதனை நடைபெறும். குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழ் தாழ்ந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடங்களின் பின் மீண்டும் சோதிப்பர். தோணியிற் செல்லும் வழிகாட்டியும் இனிப்பைக் கையிற் கொண்டே செல்வார். இரவிலும் வைத்தியரோ தாதியரோ படுக்கை படுக்கையாகச் சென்று பார்ப்பர். வீட்டிலே தனியொருத்தி காத்த விழிப்பை இங்கு பலர் முறைவைத்துக் காக்கின்றனர்.

இவ்வளவும் பாதுகாப்பைப் பற்றியன. பாதுகாப்பு ஒன்றே நோக்கமாயின் பிள்ளை வீட்டிலேயே இருக்கலாம். பாசறை தருவது வேறொன்று. உணவு மண்டபத்திலே மேசையைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் விரலைக் குத்திக்கொள்ளும்போது, “எனக்கு மட்டும் ஏன்?” என்ற கேள்வி பொருளற்றுப் போகின்றது. வழிகாட்டிகளிற் பலர் முன்னொருகால் அதே பாசறைக்குப் பிள்ளைகளாய் வந்தவர்கள். இடுப்பில் இன்சுலின் பம்பியுடன் நீர்க்கரையில் ஓடும் இருபது வயது இளைஞனைக் காணும் சிறுவன், தானும் ஒருநாள் அவ்வாறு வளர்ந்து நிற்பான் என்பதைக் கண்ணாற் கண்டு தெளிகின்றான்.

தாய் பன்முறை இரந்தும் ஊசியைத் தொட மறுத்த பிள்ளை, பக்கத்துக் கட்டிலிலிருக்கும் தோழன் தன் தொடையில் தானே குத்திக்கொள்வதைப் பார்த்து, மறுநாள் தானும் கைநீட்டிக் கேட்பதுண்டு. முதன்முதலாகத் தம் கையாலே ஊசி ஏற்றிக்கொள்ளும் துணிவைப் பல பிள்ளைகள் பாசறையிலேயே பெறுகின்றனர்.

இப்பிள்ளைகளை மட்டும் தனியே ஒன்றுகூட்டுதல் அவர்களை மேலும் விலக்கிவைப்பதாகாதா என வினவுவோரும் உளர். ஆண்டின் ஏனைய வாரங்களிலெல்லாம் தன் வகுப்பில் இந்நோயுடைய ஒரே பிள்ளையாக அவன் தனித்திருப்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு வாரத் துணை, அந்நீண்ட தனிமையைத் தாங்கும் வலிமையைத் தருமாயின், அதனை விலக்கல் என்பது பொருந்தாது.

தாய்க்கும் அவ்வாரம் ஒரு பாடமே. தோலின்மேற் பொருத்திய உணர்கருவி ஐந்து நிமிடத்துக்கொருமுறை காட்டும் அளவை, எங்கிருந்தும் கைத்தொலைபேசியிற் காண இன்று வழியுண்டு. ஆயின் பல பாசறைகள் பிள்ளைகளுக்குத் தொலைபேசியை அனுமதிப்பதில்லை. பழக்கத்தால் நள்ளிரவில் விழித்து, வெறுமையான திரையைப் பார்த்திருத்தல் அவளுக்கு எளிதன்று. எனினும், அவள் என்றும் அவனருகில் இருக்கப்போவதில்லை. தன் கையிலுள்ள காவலை ஒருநாள் அவன் கைக்கு மாற்றியே தீரவேண்டும். நல்லோர் துணைநிற்க, சிறு வயதிலேயே சிறிது சிறிதாக மாற்றத் தொடங்குதல் நன்று.

நம் வகுப்பறைகளிலும் இத்தகைய பிள்ளை இருத்தல் கூடும். பாடநேரத்தில் நீர் அருந்தவும், வெளியே சென்றுவரவும், இடையில் உண்ணவும் அவனுக்கு இடமளியுங்கள். விளையாட்டிலிருந்து அவனை ஒதுக்காதீர்கள். முகம் வெளிறி, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை உடனே கொடுங்கள், தனியே அனுப்பாதீர்கள். நினைவு தப்பியிருப்பின் வாயில் எதையும் இடாது ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். இதனை அறிந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருக்கின்றார் என்பது தெரிந்தால், வாயிலில் மகனின் கையை விடும் தாய் அன்று சற்றே அமைதியுடன் வீடு திரும்புவாள்.