காற்றடிக்கும் வேளையில் ரேடியோ ஹெலிகாப்டர்

கொல்கத்தா நகரின் தென்மேற்கே, டயமண்ட் ஹார்பர் சாலையின் இரு மருங்கிலும் பரந்து கிடப்பது பெஹாலா. குளங்களும் நெருங்கிய வீடுகளும் மிகுந்த இப்பகுதியில் விமானம் ஓட்டப் பயிற்சி அளிப்பதற்கென அமைந்த சிறு விமானத் தளம் ஒன்றும் உண்டு. மார்ச் மாதம் தொடங்கி மே மாதம் முடிய இங்கு இருவகைக் காற்றுகள் வீசும். ஒன்று, வங்கக் கடலிலிருந்து வரும் தெற்குக் காற்று. பெரும்பாலும் ஒரே சீராக வீசுவது. மற்றொன்று, வடமேற்கிலிருந்து திடீரெனப் பாய்ந்து வரும் ‘கால்பைசாகி’ என்னும் சூறை. இவ்வூரின் திடல்களில் ரேடியோவினால் இயங்கும் சிறு ஹெலிகாப்டரைப் பறக்கவிடுபவர் இவ்விரண்டின் இயல்பையும் அறிந்திருத்தல் அவசியம். முதலாவது காற்றில் இந்த யந்திரம் நன்றாகவே பறக்கும். இரண்டாவது காற்று சில விநாடிகளில் அதைத் தரையில் மோதிவிடும்.

ரேடியோ ஹெலிகாப்டரை விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடலாகாது. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 2,500 முறை சுழலும்போது, அதன் இறகு நுனியின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் ஆகிறது. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில், நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியிலிருந்த பூங்கா ஒன்றில், தாமே இயக்கிய மாதிரி ஹெலிகாப்டரின் இறகு தாக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். இத்தகைய யந்திரங்களை நம்பத்தக்க நிலைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் குறிப்பிடத்தக்கவர். 1960களின் இறுதியிலும் 1970ஆம் ஆண்டை ஒட்டியும் அவர் அமைத்த மாதிரிகளே பின்வந்தோருக்கு வழிகாட்டின. அதற்கு முன்னர் முயன்ற பலரைத் தோல்வியுறச் செய்தது எடையோ ரேடியோவோ மட்டுமன்று. காற்று சற்று அசைந்தாலும் சுழலி தன் நிலை பிறழ்ந்ததும் பெருந்தடையாக இருந்தது.

காற்றில் ஹெலிகாப்டர் எவ்வாறு பறக்கிறது என்பதை ஹூக்ளி நதியில் செல்லும் படகைக் கொண்டு எளிதில் விளக்கலாம். நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடும் படகோட்டி, கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றலாம். ஆயினும் நீரைப் பொறுத்தமட்டில் அவர் முன்னேறிக்கொண்டே இருக்கிறார். அதுபோலவே, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றை எதிர்நோக்கி, தரையின் ஒரு புள்ளிக்கு நேர் மேலே அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டர் உண்மையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பறந்துகொண்டிருக்கிறது. யந்திரம் உணர்வது காற்றை மட்டுமே. அதை இயக்குபவரோ தரையில் நின்று, தரையிலுள்ள மரத்தையும் சுவரையும் ஒப்பிட்டே அதன் வேகத்தை மதிப்பிடுகிறார். விபத்துக்கள் பலவற்றின் மூலம் இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போர்க்கு இது தெளிவாகும். காற்றைப் பொறுத்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஹெலிகாப்டர் பறப்பதாகக் கொள்வோமாயின், மேற்குறித்த 20 கிலோமீட்டர் காற்றை எதிர்த்துச் செல்லும்போது தரைமேல் அதன் வேகம் 20. திரும்பிக் காற்றின் போக்கிலேயே வரும்போது 60. புதிதாகப் பழகுபவர் இந்த 60ஐக் கண்டு அஞ்சுகிறார். வேகம் மிகுந்துவிட்டதென்று எண்ணி மூக்கை உயர்த்தி, தரைமேல் வேகம் 20 ஆகும் வரை குறைக்கிறார். அவர் கண்ணுக்கு இப்பொழுது எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் காற்றைப் பொறுத்து யந்திரத்தின் வேகம் அக்கணத்தில் பூஜ்யம்.

வேகம் பூஜ்யமானால் என்ன கேடு? முன்னோக்கிப் பறக்கும் சுழலி ஒவ்வொரு கணமும் கலங்காத புதுக் காற்றைப் பெறுகிறது. ஆகையால் குறைந்த சக்தியைக் கொண்டே எடையைத் தாங்குகிறது. அந்த வேகம் இல்லாதபோது, தானே கீழே தள்ளிய காற்றின் இடையில் நின்று உழைக்க வேண்டியிருப்பதால் கூடுதல் சக்தி தேவைப்படுகிறது. அது கிட்டாவிடில் யந்திரம் இறங்கத் தொடங்கும். இறங்கும் வேகம் அதிகமாயின், தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே சுழலி அமிழ்ந்து, இறகு நுனிகளைச் சுற்றி வளையச் சுழல் உண்டாகிறது. அந்நிலையில் இறகுகளின் கோணத்தை உயர்த்தினால் தாங்கும் விசை கூடுவதற்குப் பதில் சுழலே வலுப்பெறும். முன்னோக்கிச் சாய்த்து வேகம் பெற்று வெளியேறுவதே வழி. அதற்குப் போதிய உயரம் இருக்க வேண்டும். இக்காரணம் பற்றியே காற்றின் போக்கில் வந்து இறங்குவதை அனுபவமுள்ளோர் அறவே தவிர்க்கின்றனர். காற்றை எதிர்நோக்கியே இறங்குவர்.

சீரான காற்றை இவ்வாறு சமாளித்துவிடலாம். கடினமானது விட்டுவிட்டு வீசும் காற்றே. எதிர்க்காற்று 20 கிலோமீட்டராக இருக்கும்போது, அதை நோக்கி முன்செல்லும் இறகு நுனி 350 கிலோமீட்டர் வேகக் காற்றைச் சந்திக்கிறது. பின்செல்லும் இறகு நுனி 310ஐ மட்டுமே சந்திக்கிறது. தாங்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், இறகுகள் மேலும் கீழும் அசைய இடமில்லாவிடில், நுனிகளில் இரு பக்கங்களுக்குமிடையே நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேற்றுமை ஏற்படும். இறகுகள் அசைந்துகொடுப்பதால் இவ்வேற்றுமை தணிகிறது. எனினும் அந்த அசைவின் பயன் கால் சுற்று தாமதித்தே வெளிப்படும். அதனால் சுழலியின் தட்டு பின்புறமாகச் சாய்கிறது. திடீர் வீச்சு வந்தவுடன் ஹெலிகாப்டர் மூக்கை நிமிர்த்தி மேலெழுவதும், வீச்சு ஓய்ந்தவுடன் தொப்பென்று தாழ்வதும் இதனாலேயே. முன்னாளில் சுழலிக்குக் குறுக்கே பொருத்திய துணைப் பட்டை இவ்வதிர்வைத் தணித்தது. இன்று அந்த வேலையை மின்னணுக் கைரோ செய்கிறது. ஆனால் கைரோ யந்திரத்தின் சாய்வையும் திசையையும் காக்குமேயன்றி, காற்று அடித்துச் செல்வதைத் தடுக்காது. வாலைக் காற்று வரும் திசையில் வைத்து அந்தரத்தில் நிறுத்தினால், காற்றாடிச் சேவல் திரும்புவதுபோல யந்திரமும் திரும்ப முயல, வால் சுழலி ஓயாமல் போராட வேண்டியிருக்கும்.

நிலத்தின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. திறந்த சமவெளியில், ஆள் உயரத்தில் 15 கிலோமீட்டராக வீசும் காற்று, 20 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 21 கிலோமீட்டராக இருக்கும். வீடுகள் சூழ்ந்த பெஹாலாவில் நிலைமை இவ்வளவு எளிதன்று. 10 மீட்டர் உயரமுள்ள மூன்று மாடி வீட்டின் மறைவில் காற்றே இல்லையென்று தோன்றும். எனினும் அதன் கலக்கம் 100 மீட்டர் வரையிலுங்கூட நீடிப்பதுண்டு. 2022 டிசம்பரில் ஜோக்காவுக்கும் தாராதலாவுக்குமிடையே திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் மேம்பாலமும் இத்தகைய தடையே. மறைவான இடத்தில் கிளப்பி, கூரை மட்டத்துக்கு மேலே சென்றவுடன் யந்திரம் தடுமாறுவதைக் கண்டு ரேடியோவைப் பழிப்பவர் உண்டு. ரேடியோ அங்கே பெரும்பாலும் குற்றமற்றது.

இனி கால்பைசாகி. சோட்டா நாகபுரி மேட்டுநிலப் பக்கத்தில் பிற்பகல் வெப்பத்தால் எழும் இடிமேகங்கள், தாழ்வாக வரும் கடலின் ஈரக் காற்றினால் வலுப்பெற்றுத் தென்கிழக்கு நோக்கி நகர்கின்றன. மழை ஆவியாவதால் குளிர்ந்து கனத்த காற்று மேகத்தினின்றும் கீழே விழுந்து, தரையைத் தொட்டதும் முன்னே பரவுகிறது. மழைக்கு முன்னரே வந்துசேரும் இதுவே சூறை. காற்றின் வேகம் திடீரென 16 நாட் அளவுக்கேனும் உயர்ந்து, 22 நாட் அல்லது அதற்கு மேலாகி, ஒரு நிமிடமாவது நீடித்தால் அதனைச் சூறை என இந்திய வானிலைத் துறை வரையறுக்கிறது. 22 நாட் என்பது மணிக்கு சுமார் 41 கிலோமீட்டர். பெஹாலாவை அடுத்துள்ள அலிப்பூர் வானிலை ஆய்வகத்தில் 2018 ஏப்ரல் 17 மாலை, கால் மணி நேரத்துக்குள் இரு சூறைகள் பதிவாயின. முதலாவது மணிக்கு 84 கிலோமீட்டர், அடுத்தது 98.

இங்குள்ள அபாயம் வேகம் மட்டுமன்று. சூறைக்குச் சற்று முன் தெற்குக் காற்று அடங்கிவிடுவதுண்டு. மாலை முழுதும் காற்றோடு மல்லாடியவருக்கு அந்த அமைதி பறப்பதற்கேற்ற நல்வேளையாகத் தோன்றும். அவர் வழக்கம்போலத் தெற்கு நோக்கி யந்திரத்தை நிறுத்தியிருப்பார். சூறை பின்புறமாக, வடமேற்கிலிருந்து வந்து மோதும். எதிர்க்காற்று ஒரே கணத்தில் பின்காற்றாகிவிட, மேலே கூறிய கேடுகள் யாவும் ஒருங்கே நிகழும். ஆகவே வடமேற்கு வானில் கருமேகம் திரண்டிருக்கையில் காற்று ஓய்ந்தால், யந்திரத்தைக் கிளப்பாமலிருப்பதே அறிவுடைமை. வானில் இருந்தால் உடனே இறக்கிவிட வேண்டும்.

காற்றை அளக்கக் கருவி இல்லாத இடத்தில் போஃபோர்ட் அளவுமுறை உதவும். இலைகளும் சிறு கொம்புகளும் இடையறாது ஆடி, மெல்லிய கொடி விரிந்து நின்றால் 12 முதல் 19 கிலோமீட்டர். புழுதியும் காகிதத் துண்டுகளும் எழும்பினால் 20 முதல் 28. இலையடர்ந்த சிறு மரங்கள் அசைந்தாடினால் 29 முதல் 38. பழகுபவர்கள் முதல் நிலையோடு நின்றுகொள்வது நலம். உயரத்துக் காற்றை அறியப் பட்டத்தைவிட மலிவான சாதனம் இல்லை. செப்டம்பரில் விசுவகர்ம பூஜையன்று கொல்கத்தா வானம் பட்டங்களால் நிறைந்திருக்கும். அன்று காற்றைப் பற்றி அறிந்துகொள்ளலாமே தவிர, ஹெலிகாப்டரைப் பெட்டியிலேயே வைத்திருத்தல் வேண்டும். சுழலியில் சிக்கிய மாஞ்சா நூல் காற்றைவிடக் கொடியது.

2020இல் தொடங்கிய சுவாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை அளப்பதற்கு ட்ரோன்களைப் பயன்படுத்தும் களப்பணியாளர்க்கும் இவற்றுட் பல பொருந்தும். செயற்கைக்கோள் உதவியால் தானே நிலைகொள்ளும் ட்ரோனும், தன் உச்ச வேகத்தை மிஞ்சிய காற்றில் அடித்துச் செல்லப்படும். புறப்படும்போது காற்றை எதிர்த்துச் சென்றால், மின்கலம் தளர்ந்த நிலையில் காற்றின் துணையோடு திரும்பலாம். பலர் இதை மாற்றிச் செய்கின்றனர். மேலும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுக்கப்பட்டிருத்தலால், விமானத் தளம் உள்ள பெஹாலா போன்ற இடங்களில் வரைபடத்தைப் பார்த்து, தேவையான அனுமதியைப் பெற்ற பின்னரே எதனையும் பறக்கவிட வேண்டும்.

தரையிறங்கிய பின்னும் காற்று விடுவதில்லை. முழு வேகத்தில் சுழலும் இறகு விறைப்பாக நிற்கும். விசை நிறுத்தப்பட்டு மெதுவாகச் சுழலும்போது அவ்விறைப்பு போய்விடும். அப்போது பலத்த காற்று அடித்தால் இறகு வளைந்து தாழ்ந்து, வால் தண்டையே வெட்டிவிடக்கூடும். யந்திரம் பக்கவாட்டில் கவிழ்தலும் உண்டு. ஆதலின் மூக்கைக் காற்று வரும் திசையில் வைத்து இறக்கி, இறகுகள் முற்றிலும் நிற்கும் வரை மாணவர் எவரையும் அருகே செல்ல விடாமல், பின்னர் இறகுகளைச் சேர்த்துப் பிடித்தே யந்திரத்தைத் தூக்க வேண்டும்.