மிளகு போன வழி

மத்தியதரைக் கடலோரத்துப் பழந்துறைகளைக் காண வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. அலெக்சாந்திரியா செல்ல மாணவர் கையில் காசு ஏது? ஆனால் அத்துறையோடு வாணிகம் நடத்திய நம் துறை ஒன்று ஒரு பகல் தொலைவில்தான் இருக்கிறது. சென்ற விடுமுறையில் அங்கே சென்றோம். சென்றவர் மூவர். ஒருவன் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, மற்றவன் கரூரான், நான் பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவன்.

விடியலில் பேருந்து ஏறித் திருச்சூர் வழியே கொடுங்கல்லூர் அடைந்தோம். வழியில் பீர்மேட்டு நண்பன் மனம் விட்டுப் பேசினான். "ஊரில் என்னைப் பாண்டிக்காரன் என்கிறார்கள். கம்பம் போனால் மலையாளத்தான் என்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் ஓரத்தில் கிடக்கிறோமப்பா!" எங்களுக்கு விடை தெரியவில்லை.

கோட்டப்புறம் பாலத்தைக் கடந்து, பரவூர் செல்லும் சாலையில் பட்டணம் என்னும் சிற்றூரில் இறங்கினோம். தென்னையும் வீடுகளும் வேலிகளுமே கண்ணிற் படுகின்றன. மண்ணுக்கடியில் இருந்ததோ வேறு. கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தார் 2007 முதல் இங்கு அகழ்ந்தபோது மத்தியதரை நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள், செங்கல்லால் கட்டிய படகுத்துறை, ஒற்றைமரத் தோணி, தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியன கிடைத்தன. சங்கப் புலவர் பாடிய முசிறி இதுவே என்பர் அறிஞர் பலர், ஏற்காதவரும் உளர்.

வாணிகம் நடந்த முறையைச் சிறிது காண்போம். எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து கோடையில் புறப்படும் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு வரும். செங்கடல் வாயிலிலுள்ள ஓக்கேலிசு துறையிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்று உரோம அறிஞர் பிளினி எழுதினார். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்லும்.

வியன்னா நகரில் ஒரு பாப்பிரசு ஏடு உள்ளது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டு, 1985-இல் அச்சில் வெளிவந்தது. முசிறி வாணிகத்துக்காக வாங்கிய கடனின் உடன்படிக்கை அது. சரக்கைச் செங்கடற் கரையிலிருந்து ஒட்டகத்தில் ஏற்றிப் பாலை கடத்தி, நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியா சேர்ப்பது. அங்கு நாலில் ஒரு பங்கைச் சுங்கமாகக் கட்டுவது. இவையெல்லாம் அதில் உள்ளன. சரக்கு ஏற்றிய கப்பலின் பெயர்கூட உண்டு: எர்மப்பொல்லோன்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் பீர்மேட்டு நண்பன் கேட்டான்: "கப்பலுக்குப் பெயர் இருக்கிறது. மிளகு பறித்தவனுக்கு?"

அந்தக் கேள்வியே அன்றைய பாடமாயிற்று. மிளகு கடல் மணலில் விளைவதன்று. மலைச்சரிவில், மரத்தைப் பற்றிப் படரும் கொடியில் காய்ப்பது. இன்றைய இடுக்கி மலைகளின் ஊடே ஓடிவரும் பெரியாறு இத்துறைக்கு அருகேதான் கடலிற் கலக்கிறது. கிழக்கே திரும்பினால் மலைத்தொடரின் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய். அதற்கு அப்பால் மணிகளும் இரும்பும் செய்த கொடுமணல். அதற்கும் கிழக்கே உரோமக் காசுகள் ஏராளமாய்க் கிடைத்த கரூர். எங்கள் மூவர் ஊரும் ஒரே வாணிகத்தின் மூன்று படிகள்!

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பாலக்காடும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. கரூர் தமிழ்நாட்டில் நின்றது. அந்தக் கோடு நேற்று வந்தது. மலையும் ஆறும் கணவாயும் அதற்கு முன்பே மக்களை இணைத்தவை. இன்று ஓரம் எனப்படும் நம் ஊர்களின் வழியேதான் அன்று உலகம் நடந்தது.

இரவுப் பேருந்தில் திரும்பினோம். பாலக்காட்டில் இறங்கியபோது பீர்மேட்டு நண்பன், "அடுத்த விடுமுறைக்கு எங்கள் மலைக்கு வாருங்கள், மிளகுக் கொடியைக் காட்டுகிறேன்" என்றான். தோழர்களே, நீங்களும் வரலாம்.