உத்போதகமும் ஸம்ஸ்காரமும்: திருவரங்கத்துக் கற்கள் நினைவூட்டும் வகை

கோபுரமும் மதிலும் மண்டபமும் ஒரு ஸமூகத்தின் நினைவைக் காக்கின்றன என்று உலகோர் கூறுவர். இங்கு ஒரு சங்கை எழும். ஞானம் ஆத்மாவின் தர்மம், கல்லோ அசேதனம். நினைவும் ஞானத்தின் ஒரு வகையே ஆதலின், அஃது அசேதனமான கல்லில் தங்குவது எங்ஙனம்? இச்சங்கைக்கு நம் தர்சனத்திலேயே விடை உண்டு. அவ்விடையைத் திருவரங்கத்தின் கற்களில் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன் அநுபவத்தால் உள்ளத்தில் பதிந்த ஸம்ஸ்காரம் ஒன்றையே காரணமாகக் கொண்டு பிறக்கும் ஞானம் ஸ்ம்ருதி எனப்படும். உறங்கிக் கிடக்கும் ஸம்ஸ்காரத்தை விழிக்கச் செய்வது உத்போதகம். ஸ்ரீநிவாஸாசார்யர் அருளிய யதீந்த்ரமததீபிகை, ஒப்புமை, அத்ருஷ்டம், சிந்தனை, உடனிருந்த தொடர்பு என நான்கினை உத்போதகங்களாகக் காட்டுகிறது. இருவரை எப்போதும் சேர்த்தே கண்டு பழகியவனுக்கு, ஒருவரைக் கண்டபோது மற்றவர் நினைவு வருகிறது. ஸ்தலத்தில் நிற்கும் கல்லும் இவ்வகையைச் சார்ந்ததே. கல்லோடு சேர்த்து ஒரு வரலாற்றைக் கேட்டறிந்தவனுக்குக் கல்லைக் கண்டவுடன் வரலாறு தோன்றும். கேளாதவனுக்குத் தோன்றுவது கல் மட்டுமே. ஆகவே நினைவுச் சின்னம் உத்போதகமேயன்றி ஸம்ஸ்காரம் ஆகாது. ஸம்ஸ்காரம் பதிய வேண்டிய இடம் மனிதர் உள்ளம்.

இனித் திருவரங்கத்தைக் காண்போம். 1311-லும் 1323-லும் தில்லிப் படைகள் கோயிலுக்குள் புகுந்தன. இரண்டாம் முறை பிள்ளை லோகாசார்யர் உத்ஸவரான அழகிய மணவாளனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பெருமாள் பல தேசங்களில் மறைந்திருந்து, பின் திருமலையில் நெடுநாள் எழுந்தருளியிருந்தார். திருமலைக் கோயிலில் உள்ள ரங்கநாயக மண்டபம் இன்றும் அப்பெயராலேயே அச்செய்தியைக் கூறி நிற்கிறது. விஜயநகரத்து அதிகாரியான கோபணார்யர் பெருமாளைத் திருமலையிலிருந்து செஞ்சிக்கும், அங்கிருந்து திருவரங்கத்துக்கும் எழுந்தருளச் செய்தார்.

இதனைக் கூறும் வடமொழிக் கல்வெட்டுத் திருவரங்கத் திருமதிலில் உள்ளது. அதில் ஆண்டு எண்ணால் எழுதப்படவில்லை. ‘பந்துப்ரிய’ என்னும் சொல்லால் குறிக்கப்பட்டுள்ளது. கடபயாதி முறையில், கூட்டெழுத்தில் ஈற்று மெய்யை மட்டும் கொண்டால், பகர வர்க்கத்து மூன்றாம் எழுத்துக்கு 3, தகர வர்க்கத்து நான்காம் எழுத்துக்கு 9, ரகரத்துக்கு 2, யகரத்துக்கு 1. வலமிருந்து இடமாகப் படிக்க 1293 ஆகும். இது சகாப்தம். 78 கூட்ட, கி.பி. 1371. பெருமாள் பிரிந்திருந்த காலம் 48 ஆண்டுகள் எனக் கணக்கிடுவது இதனாலேயே. கடபயாதி அறியாதவன் அச்சுவரின் முன் நின்றாலும் அவனுக்கு ஆண்டு தெரியாது. அந்த ச்லோகத்தை அருளியவர் ஸ்வாமி தேசிகன் என்பது குருபரம்பரை வழி வந்த செய்தி. கல்லில் அவர் திருநாமம் இல்லை. கல் சொல்லாததைப் பரம்பரை சொல்கிறது. பரம்பரை கூறும் மீட்சிக்குக் கல் ஸாக்ஷியாகிறது.

இங்கு வேறொரு செய்தியும் நோக்கத்தக்கது. பெருமாள் மீண்டு எழுந்தருளியபோது அவரை அடையாளம் கண்டது யார்? இடைக்காலத்தில் வேறொரு திருமேனி ஆராதிக்கப்பட்டு வந்தமையால், இருவருள் முன்பிருந்தவர் எவர் என்ற ஐயம் எழுந்தது. கண்பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், பெருமாள் திருமஞ்சனம் கண்டருளிய ஈரவாடைத் தீர்த்தத்தைப் பருகி, இவரே நம் பெருமாள் என்று அறுதியிட்டார் என்பது ஐதிஹ்யம். அவர் வாய்ச்சொல்லே திருநாமமாக நிலைபெற்றது. கண்ணில்லாதவர்க்குச் சின்னம் எதுவும் பயன்படாது. அவர் நாவில் பதிந்திருந்த ஸம்ஸ்காரமே அங்கு ப்ரமாணமாயிற்று. மற்றைத் திருமேனியும் விலக்கப்படவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் திருநாமத்துடன் இன்றும் ஆராதனம் கண்டருளுகிறார். துன்பக் காலத்தில் துணைநின்றவரையும் மறவாமை கோயிலின் ஒழுகு.

எழுத்தே இல்லாத சின்னங்களும் அங்கு உண்டு. கீழைத் திசையிலுள்ள வெள்ளைக் கோபுரத்தோடு வெள்ளையம்மாள் என்னும் கோயில் தாஸியின் கதை சேர்ந்து வழங்குகிறது. பகைவர் தலைவனைக் கோபுரத்தின் மேல் அழைத்துச் சென்று வீழ்த்தித் தானும் உயிர்நீத்தாள் என்பது செவிவழிச் செய்தி. அதே திருக்கோயிலில் துலுக்க நாச்சியார் ஸந்நிதியும் உள்ளது. பெருமாள் மீது காதல் கொண்டு அவரைத் தொடர்ந்து வந்த ஸுல்தானின் மகள் அங்குச் சித்திர வடிவில் எழுந்தருளியிருக்கிறாள். அவள் பொருட்டுப் பெருமாள் கைலி சாத்திக்கொள்வதும், ரொட்டி அமுது செய்வதும் வழக்கத்தில் உள்ளன. திருமதில் கல்வெட்டுத் துருஷ்கரை வென்றதைக் கூறுகிறது. ஸந்நிதியோ துருஷ்கப் பெண்ணை நாச்சியாராகக் கொண்டாடுகிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கொண்டு மற்றொன்றைக் கைவிடுபவன் திருவரங்கத்தின் நினைவைப் பெற்றவன் ஆகான். பட்ட துன்பத்தை மறவாமையும், பகையைப் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்ளாமையும் ஒருங்கே அமைந்தது அந்நினைவு.

தெற்கு வாயிலின் ராயகோபுரம் இன்னொரு உண்மையைக் காட்டும். விஜயநகரக் காலத்தில் தொடங்கப்பெற்று, அடித்தளத்தோடு நின்ற அதனை மொட்டைக் கோபுரம் என்றே நானூறு ஆண்டுகளாக மக்கள் அழைத்தனர். நிறைவுபெறாமையே அதன் சரித்திரமாக இருந்தது. அஹோபில மடத்து நாற்பத்து நான்காம் பட்டம் அழகியசிங்கரின் முயற்சியால் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டு எழுந்து, 1987 மார்ச்சு 25-இல் ஸம்ப்ரோக்ஷணம் கண்டது. அதன் பின் பிறந்தவர்க்கு அது என்றும் நிறைந்தே இருந்த கோபுரம். எடுத்துச் சொல்வார் இல்லையேல், நிறைவே முன்னைய குறையை மறைத்துவிடும். அக்குறையை ஏங்கிப் பார்த்திருந்த தலைமுறைகளும் மறக்கப்படுவர்.

இவற்றால் நினைவுக்கு வரும் இடையூறுகள் மூன்று எனத் தேறும். உத்போதகம் அழிதல் முதலாவது. பல கோயில்களில் மணலை விசையுடன் பீய்ச்சிச் சுவர்களைத் தூய்மை செய்ததால் கல்வெட்டெழுத்துக்கள் தேய்ந்தன. புதிய தளக்கற்களின் கீழும் சில மறைந்தன. இரண்டாவது, ஸம்ஸ்காரம் பதியாமை. சுவர் நன்றாயிருந்தும் படிப்பார் இல்லை. மூன்றாவது, விபரீத ஸம்ஸ்காரம். ஒரு கோபுரத்தையோ ஒரு கதையையோ தனியே பிரித்தெடுத்து, அதுவே நம் அடையாளம் என்று முழங்குதல். முதல் இடையூற்றை அனைவரும் காண்கின்றனர். மூன்றாவதே கொடிது என்பது அடியேன் துணிபு. கல் அழிந்தால் படியெடுத்த ஏட்டிலிருந்து மீட்கலாம், திரிந்த ஸம்ஸ்காரமோ அழியாத கல்லையும் பொய் சொல்ல வைக்கும்.

பரிஹாரம் அரிதன்று. ஒவ்வொரு திவ்யதேசத்திலும் உள்ளூர்ப் பெரியோர் தம் கோயில் கல்வெட்டுக்களை, அச்சேறியவை எவை, சேராதவை எவை எனப் பிரித்துப் படியெடுத்தல் வேண்டும். திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் நிழற்படம் எடுத்து வைத்தல் வேண்டும். ஸந்தை சொல்லும் பிள்ளைகளுக்குப் பாசுரத்தோடு க்ரந்த எழுத்தும் கடபயாதியும் கற்பித்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் சுவரின் முன் நிறுத்திப் படிக்கச் செய்தல் வேண்டும். வழக்கத்தில் உள்ள ஒவ்வோர் உபசாரத்துக்கும் காரணம் கேட்டால், சினவாது சொல்லுதல் வேண்டும். ஏன் பெருமாளுக்கு ரொட்டி என்று கேட்கும் குழந்தைக்கு விடை கிடைத்த கணத்தில், எழுநூறு ஆண்டுகளின் ஸம்ஸ்காரம் மற்றோர் உள்ளத்தில் பதிகிறது. கோபுரம் அதன் பின்னரே அக்குழந்தைக்கு நினைவுச் சின்னமாகும்.