மதிப்பீட்டு அறிக்கையை வாசித்த பின் விலை பேசுங்கள்

இடம்பெயர்ந்து பல வருடங்களாக ஊர்ப்பக்கம் போகாத ஒருவரிடம் தரகர் வந்து, "உங்கட வீடு வளவுக்கு இவ்வளவுதான் பெறுமதி, மதிப்பீட்டாளரே எழுதித் தந்திருக்கிறார்" என்று அறிக்கையொன்றைக் காட்டினால் என்ன செய்வது? தொகையை மாத்திரம் பார்த்துத் தலையாட்டக் கூடாது. அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில், அறிக்கை யாருக்காக, எதற்காக, எந்தத் திகதியில் எழுதப்பட்டது என்று பாருங்கள். வங்கிக் கடனுக்கான அறிக்கைகளில் இரண்டு தொகைகள் இருப்பதுண்டு. ஒன்று சந்தைப் பெறுமதி. மற்றது கட்டாய விற்பனைப் பெறுமதி. கடனை அறவிட வங்கி அவசரமாக விற்க நேர்ந்தால் கிடைக்கக்கூடிய குறைந்த தொகையே இது. விற்பவர் சந்தைப் பெறுமதியை வைத்தே பேச வேண்டும்.

அடுத்தது காணியின் அளவு. யாழ்ப்பாணத்து உறுதிகளில் பரப்புக் கணக்கும், அறிக்கையில் பேர்ச் கணக்கும் இருக்கலாம். 1 பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு 1 ஏக்கர். உறுதியில் 4 பரப்பு என்றிருக்க, அறிக்கையில் 36 பேர்ச் என்றிருந்தால், மிகுதி 4 பேர்ச் எங்கே என்று கேளுங்கள். ஆளில்லாத வளவில் வேலி நகர்ந்திருக்கலாம். நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளப்பியுங்கள்.

மூன்றாவது, காணிக்கு எவ்வளவு, கட்டிடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். கூரை போய், சுவர் வெடித்த வீட்டுக்குத் தேய்மானம் கழிப்பது முறைதான். ஆனால் வீடு உடைந்தது என்பதற்காக நிலத்தின் விலையைக் குறைக்க நியாயமில்லை. கிணறு, மதில், காய்க்கும் தென்னைகள், பாதை வசதி என்பன குறிப்பிடப்பட்டுள்ளனவா? மதிப்பீட்டாளர் உள்ளே சென்று பார்த்தாரா?

உங்களுடையது உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதும் முக்கியம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை நினைத்தபடி விற்க முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அரசாங்கம் காணியைச் சுவீகரித்து வழங்கும் நட்டஈடு போதாதெனில், 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி, தீர்மானம் அறிவிக்கப்பட்டு 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

மதிப்பீட்டு அறிக்கை ஒருவருடைய கணிப்பு, கட்டளையல்ல. அயலில் அண்மையில் விற்ற காணிகளின் விலையை ஊரவரிடம் கேட்டறியுங்கள். சந்தேகமிருந்தால் வேறொரு மதிப்பீட்டாளரை நாடுங்கள். அதற்குச் செலவாகும்தான். ஆனால் நொத்தாரிசு முன் கையொப்பம் வைத்த பின், குறைந்து போன விலையைக் கூட்டிக் கேட்க வழியிருக்காது.